ஒற்றைச் செவியில் கேட்ட இசைத்தட்டுகள்

2023 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஐந்தரை மணி அலாரம் அடித்து ஓய்ந்ததும், மனைவி இருமுறை பெயர் சொல்லி அழைத்ததும் எனக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டு உலுக்கியபோது எழுந்து உட்கார்ந்தேன். வலக்காது தலையணையிலிருந்து விடுபட்டதும் மின்விசிறியின் ஓசை திரும்பி வந்தது. இடக்காதில் மட்டும் ஈரப்பஞ்சை அடைத்துவைத்ததைப் போன்ற உணர்வு. அதற்குள்ளிருந்து சன்னமாக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

சளி என்று நினைத்தேன். அடுத்து அழுக்கு என்று நினைத்தேன். தெருமுனை மருத்துவர் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்தார். விடைத்தாள் திருத்தும் பணி குவிந்திருந்த நேரம் அது. சொட்டு விட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, பன்னிரண்டு நாட்களைக் கழித்துவிட்டேன். பதின்மூன்றாம் நாள் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போனேன். அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது சார்?" என்றார். வலப்பக்கம் என்றேன். அவர் முகம் மாறியது. அழுக்கினாலோ சளியினாலோ வந்த அடைப்பாக இருந்தால் ஓசை அடைபட்ட காதின் பக்கம் சாயுமாம். நல்ல காதின் பக்கம் போனால் பழுது நரம்பில் என்று பொருள். "மொத வாரமே வந்திருக்கணும்," என்றார். திடீர்ச் செவித்திறன் இழப்பு அவசர சிகிச்சைக்குரிய நோய் என்பதையும், ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதையும், இரண்டு வாரம் கடந்தால் பலன் வேகமாகக் குறையும் என்பதையும் அந்த அறையில்தான் அறிந்தேன். இதைப் படிக்கிற யாருக்கேனும் ஒரு காலையில் ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டால், சொட்டுமருந்தோடு காத்திருக்க வேண்டாம்.

மாத்திரைகளும், செவிப்பறையின் ஊடாகப் போட்ட மூன்று ஊசிகளும் முடிந்தபின் கீழ்ச்சுருதிகள் கொஞ்சம் மீண்டன. மேலே உள்ளவை மீளவில்லை. மீண்டவையும் முன்போல் இல்லை. இடக்காதுக்குள் வரும் மனிதக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போல நெளிந்தும் உடைந்தும் வருகிறது. மனைவியின் குரலை அப்படி முதன்முறை கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பாட்டு. கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் கிரெக் லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்துப் பதிவு செய்திருப்பார்கள். அதே குரல். சிரிப்பு வந்தது. அவளிடம் காரணத்தை விளக்க முடியவில்லை.

காது போன செய்தி உறுதியானதும் ஓர் ஆசிரியன் தன் வகுப்புகளைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டும். நான் கவலைப்பட்டது ஏழெட்டு ஆங்கில இசைத்தட்டுகளைப் பற்றி. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தமிழ் முதுகலை படித்த எனக்கு இந்த இசை வந்து சேர்ந்தது 1999இல், விடுதி அறையில். அறைத்தோழன் இயற்பியல் மாணவன். பெங்களூரிலிருந்த அவனுடைய தாய்மாமன் தம்மிடமிருந்த இசைத்தட்டுகளைத் தொண்ணூறு நிமிட டிடிகே கேசட்டுகளில் பதிந்து அனுப்புவார். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், பக்கத்துக்கு ஓர் ஆல்பம். உறையில்லை, படமில்லை. மாமாவின் கோணல் கையெழுத்தில் குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், ஆண்டு. அவ்வளவுதான்.

"என்ன இசைடா இது?" என்று கேட்டேன். "ப்ராக்ரெஸிவ் ராக்" என்றான். முற்போக்கு ராக்! தமிழ் படித்தவனுக்கு முற்போக்கு என்ற சொல் ஒரே திசையைத்தான் காட்டும். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் பாடுகிறார்கள் போலும் என்று பக்தியுடன் உட்கார்ந்து கேட்டேன். உண்மையில் அவர்களில் பலர் நல்ல பள்ளிகளில் படித்த பிள்ளைகள். ஜெனிஸிஸ் குழு உருவானதே சார்ட்டர்ஹவுஸ் என்ற பெரிய இடத்துப் பள்ளியில்தான். அவர்களுடைய முன்னேற்றம் வேறுவகை. மூன்று நிமிடப் பாட்டு போதாது, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டாக இருக்கலாம், மேற்கத்தியச் செவ்வியல் இசையும் ஜாஸும் ஆங்கில நாட்டுப்புற மெட்டும் மின்கிதாரோடு ஒரே கூரையின்கீழ் வாழலாம் என்று நம்பினார்கள். 1969க்கும் 1975க்கும் இடையே அந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. அதன்பின் பங்க் இசைக்காரர்கள் வந்து, இது வெற்று ஆடம்பரம் என்று ஏளனம் செய்தார்கள். ஏளனத்தில் நியாயமும் இருந்தது.

கிங் கிரிம்ஸனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்' 1969 அக்டோபரில் வெளியானது. ஐந்தே பாட்டுகள். அவர்கள் அந்த ஆண்டு ஜூலையில் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்பாக வாசித்துப் பெரும் கூட்டத்தைத் திகைக்கவைத்திருந்தார்கள். குழுவில் பீட்டர் சின்ஃபீல்ட் என்று ஒருவர். மேடையில் எந்தக் கருவியும் வாசிக்கமாட்டார். பாட்டு எழுதுவார், ஒளியமைப்பைக் கவனிப்பார். ஆனாலும் குழுவில் முழு உறுப்பினர். கவிஞனுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த இசைக்குழுவை அந்த வயதில் நான் வணங்கினேன் என்றே சொல்லலாம். அந்த ஆல்பத்தின் உறையில் வாய் பிளந்து அலறும் செந்நிற முகத்தைப் பல ஆண்டுகள் கழித்தே பார்த்தேன். அதை வரைந்த பாரி காட்பர் கணினி நிரலாளர். ஆல்பம் வெளியான சில மாதங்களில், இருபத்துநான்கு வயதில் இறந்துபோனார்.

அந்த ஆல்பத்தின் உயிர் என்று நான் நினைப்பது மெல்லோட்ரான். பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட ஒரு விசைக்கருவி. பார்வைக்கு ஹார்மோனியத்தின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு காந்த நாடா. நாடாவில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ அந்தந்தச் சுரத்தில் முன்னரே பதியப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடி. அதற்குமேல் நாடா இல்லை. விரலை எடுத்தால் அது சுருண்டு தொடக்கத்துக்கே வந்துவிடும். ஆகவே வாசிப்பவர் ஒரு சுரத்தை எட்டு நொடிக்குமேல் பிடித்துவைக்க இயலாது. பிடித்துவைக்கும் நேரத்திலும் நாடாவின் ஓட்டம் சற்றே நடுங்கும். சுருதி இம்மியளவு அலையும். வயலின் கூட்டத்தின் ஓசைதான், ஆனால் வயலின் கூட்டம் இறந்து ஆவியாக வந்ததைப் போன்ற ஓசை. 'எபிடாஃப்' பாட்டில் அது எழும்போது விடுதி அறைச் சுவரின் சுண்ணாம்பு உதிர்வதுபோல் இருக்கும். குறைபாடுள்ள கருவி. அதைப் போலச் செய்த பிற்காலக் கணினி மென்பொருள்கள் அந்த நடுக்கத்தையும் சிரத்தையாகப் போலி செய்கின்றன.

அடுத்த கேசட், யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு த எட்ஜ்'. 1972 செப்டம்பர். ஒரு பக்கம் முழுக்கப் பதினெட்டு நிமிடத்துக்கும் மேலான ஒரே பாட்டு, நான்கு பகுதிகள். நீரோசையிலும் பறவைகளின் ஒலியிலும் தொடங்கி அங்கேயே திரும்பி முடியும். பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல் தூண்டுதலாக இருந்தது என்று பிறகு அறிந்தேன். திருலோக சீதாராமின் தமிழாக்கத்தில் அந்த நாவலை ஏற்கெனவே படித்திருந்தேன். கடைசியில் படகோட்டியுடன் சித்தார்த்தன் ஆற்றங்கரையில் அமர்ந்து நீரின் குரல்களைக் கேட்கிற பகுதி நினைவிருக்கும். ஒரு மனிதன் ஞானமடைவதற்குச் செய்கிற காரியம், கேட்பது. இந்தப் பாட்டின் மூன்றாம் பகுதியில் எல்லாம் அடங்கி நிதானப்படும். பிறகு ரிக் வேக்மனின் ஆர்கன் ஓங்கி எழும். லண்டனின் செயின்ட் ஜைல்ஸ் க்ரிப்பிள்கேட் தேவாலயத்திலிருந்த குழாய் ஆர்கனைக் கொண்டு பதிவு செய்தது அது. இரும்புக் கட்டிலே அதிரும். ட்ரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபோர்ட், இதைவிட மேலாக இந்தக் குழுவில் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பதிவு முடிந்ததும் விலகி கிங் கிரிம்ஸனுக்குப் போய்விட்டார்.

அவர் கணிப்பு சரிதான். அடுத்த ஆண்டே யெஸ், பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றில் வருகிற ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்கு பக்கங்களுக்கு நான்கு நீண்ட பாட்டுகளைச் செய்தது. மதுரைக்காஞ்சிக்கு எழுநூற்று எண்பத்திரண்டு அடி வேண்டியிருக்கிறது, முல்லைப்பாட்டுக்கு நூற்றுமூன்று அடி போதும். எதற்கு எத்தனை அடி என்பது தெரியாத கவிஞனின் கையில் நெடும்பாட்டு என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆல்பத்தை வகுப்பில் உதாரணம் காட்டலாம், மாணவர்கள் மன்னிப்பார்கள் என்றால். வேக்மனுக்கே சலித்துவிட்டது. மான்செஸ்டர் மேடையில் இதை வாசிக்கும்போது இடையில் உட்கார்ந்து குழம்புச் சோறு சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு விலகினார்.

எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற மூவர் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கீத் எமர்சனின் விரல்கள் அபாரமானவை. ஆனால் விரல்களைத்தான் கேட்கிறோம்.

ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ ப்ரிக்' என்னை நன்றாக ஏமாற்றியது. 1972இல் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு, ஏறக்குறைய நாற்பத்துநான்கு நிமிடம். மாமா அட்டையில் 'பாடல்: ஜெரால்ட் பாஸ்டாக், வயது 8' என்று எழுதியிருந்தார். எட்டு வயதுச் சிறுவன் எழுதிய நெடுங்கவிதை என்று நம்பி, ஒரு கருத்தரங்க மதிய உணவில் மூத்த பேராசிரியர் ஒருவரிடம், ஞானசம்பந்தருக்குப் பிறகு இப்படி ஒரு குழந்தைக் கவி என்றெல்லாம் அளந்தேன். அப்படி ஒரு சிறுவனே இல்லை. முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் விடாப்பிடியாகக் கருத்து ஆல்பம் என்று சொன்னதற்குப் பதிலடியாக இயன் ஆண்டர்சன் செய்த கேலி அது. உறையே ஒரு பொய்ச் சிற்றூர்ச் செய்தித்தாளாக அச்சிடப்பட்டிருந்தது. உறை இல்லாத கேசட்டுக்காரனுக்குக் கேலி எப்படித் தெரியும்? கேசட்டில் தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியும் இல்லை. பாட்டின் நடுவே காற்று வீசுவதுபோல ஓசை தேய்ந்து மீண்டும் எழும் இடத்தை ஆழ்ந்த ஒரு மௌனம் என்று நெடுநாள் வியந்துகொண்டிருந்தேன். அது தட்டின் ஓரம்.

என் பெரும்பிரியம் ஜெனிஸிஸின் 'ஃபாக்ஸ்ட்ராட்'. அதிலுள்ள 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகள் கொண்டது, இருபத்துமூன்று நிமிடம். ஓர் எளிய வரவேற்பறையில் தொடங்கி, போர்க்களம், கேலிக்கூத்து, ஊழிக்காலம் என்று நகர்ந்து செல்லும். ஆனால் ஆல்பத்தின் மொத்த நீளம் ஐம்பத்தொரு நிமிடம். கேசட்டின் பக்கம் நாற்பத்தைந்து. அந்த ஆறாம் பகுதியில் ட்ரம்ஸும் பேஸ் கிதாரும் ஒன்பது அட்சரச் சுழற்சியில் பூட்டிக்கொண்டு நிற்க, நம் சங்கீர்ணக் கணக்குத்தான் அது, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் தன்போக்கில் அலைந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, படக்கென்று நாடா தீர்ந்துவிடும். கடை ஏடு சிதைந்த சுவடி. உ.வே.சா.வின் தன்வரலாற்றைப் படித்தவனுக்கு இந்த ஏக்கம் பழக்கமானது. இருந்தும் தேடிப் போக வழியில்லை. அறைத்தோழனும் நானும் அந்த முடிவை ஊகித்து வாயாலேயே பாடி முடிப்போம். 2006இல் முதல் சம்பள நிலுவைத்தொகை வந்தபோது குறுந்தகடும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்கினேன். உண்மையான முடிவைக் கேட்டேன். எங்களுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஹெட்ஃபோன்தான் எனக்கு இடம் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. எந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை மூளை கணக்கிடுவது இரு செவிகளுக்கும் அது வந்து சேரும் நேர வேறுபாட்டாலும் அளவு வேறுபாட்டாலும். அந்த நேர வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' முழுவதும் இந்தக் கணக்கின்மேல் கட்டப்பட்டது. 1973 மார்ச்சில் வெளியானது, அபி ரோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது. 'ஆன் த ரன்' என்ற துண்டில் யாரோ மூச்சிரைக்க ஒரு செவியிலிருந்து மறு செவிக்கு மண்டைக்குள் ஓடுவார். 'மணி' பாட்டின் தொடக்கத்தில் நாணயங்கள் இரு பக்கமும் மாறிமாறி விழும். நாடாத் துண்டுகளை அளந்து வெட்டி ஒட்டிச் செய்த ஏழு அட்சரச் சுழற்சி. இரவு பதினோரு மணிக்கு, வீடு உறங்கியபின், என் தலைக்குள் ஒரு மண்டபம் விரியும். பதினேழு ஆண்டுகள் அதில் குடியிருந்தேன்.

ஊசிகள் முடிந்து ஒரு மாதம் கழித்து ஹெட்ஃபோனை மாட்டினேன். ஓடுபவர் இடப்பக்கத்துச் சேற்றில் எங்கோ தடுமாறிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் வந்ததும் திடீரென்று தெளிவாகக் கேட்டார். நாணயங்களில் பாதி விழவேயில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

கைப்பேசியில் மோனோ ஆடியோ என்று ஒரு வசதி இருக்கிறது என்று மாணவி ஒருத்தி சொன்னாள். இரண்டு பக்கத்து ஓசையையும் கலந்து ஒரே காதுக்குத் தரும். அதைப் போட்டால் எல்லா வாத்தியமும் வந்துவிடுகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் நெரிசலான பேருந்தில் ஏறிய உறவினர்களைப் போல எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் நிற்கிறார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஜெனிஸிஸின் ட்ரம்ஸ் வாசிப்பாளர் ஃபில் காலின்ஸுக்கும் 2000இல் இடக்காதில் இதே நோய் வந்ததைப் படித்தேன். எங்கள் கேசட்டில் ஒன்பது அட்சரத்தைப் பூட்டிக்கொண்டு நின்றவர். திடீரென்று, ஒரு பக்கம் மட்டும். வைரஸ் தொற்று காரணம் என்றார்களாம். அதற்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் மேடையேறினார். முதுகெலும்பும் நரம்புகளும் பழுதாகிக் குச்சியைப் பிடிக்க முடியாமல் போனபின், 2022 மார்ச் 26 அன்று லண்டனில் நடந்த ஜெனிஸிஸின் கடைசி நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்து பாடினார். பின்னால் ட்ரம்ஸ் வாசித்தது அவருடைய மகன். காணொளியில் பார்த்தேன். குரல் தேய்ந்திருந்தது. இதிலிருந்து ஊக்கம் பெறும்படி நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு ஊக்கம் வரவில்லை. நமக்கு வந்தது அவருக்கும் வந்திருக்கிறது என்ற அற்ப ஆறுதல் வந்தது.

ஊனத்திலிருந்து கலை பிறக்கும் என்ற கதையை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ராபர்ட் வயட்டை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். சாஃப்ட் மெஷின் குழுவின் ட்ரம்ஸ் வாசிப்பாளர். 1973 ஜூனில் ஒரு விருந்தில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கால்கள் இல்லாமல் ட்ரம்ஸ் இல்லை. அடுத்த ஆண்டு 'ராக் பாட்டம்' வந்தது, பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேசன் தயாரிப்பில். என் கணிப்பில் இந்த இசை வகையின் மிக மென்மையான, மிக நேர்மையான ஆல்பம். விபத்து பெற்றெடுத்த இசை என்று அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டுகளில் பல, விபத்துக்கு முன்பே, வெனிஸ் நகரில் இருந்தபோது அவர் உருவாக்கத் தொடங்கியவை. விபத்து அவரிடமிருந்து கால்களை எடுத்துக்கொண்டது. பாட்டுகள் அவரிடம் ஏற்கெனவே இருந்தன.

வகுப்பறையில் சிரமம் தொடர்கிறது. இடப்பக்க வரிசையிலிருந்து கேள்வி வந்தால் வலப்பக்கம் திரும்பி யார் என்று தேடுகிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது கேட்பவர் கையை உயர்த்திக்கொண்டே கேட்கிறார்கள். துறை அறையில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் மனைவி எப்போதும் என் வலப்பக்கம் வந்துவிடுகிறாள், சொல்லாமலே.

சென்ற பொங்கல் விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேசட்டுகளில் நான்கு கிடைத்தன. பெரும்பாலும் பூஞ்சை. அறைத்தோழன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். அவனைக் கைப்பேசியில் அழைத்து, காது போன விஷயத்தை அன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நம்ம ரூம்ல இருந்த டேப் ரெகார்டருக்கு ஒரே ஸ்பீக்கர்தானேடா," என்றான்.

உண்மைதான். அது மோனோ கருவி. ஒற்றை ஒலிபெருக்கி, முன்பக்கச் சல்லடையில் விரிசல். கிரிம்ஸனையும் யெஸ்ஸையும் நான் முதலில் கேட்டது அதில்தான். இடமும் வலமும் அப்போது இல்லை. அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒற்றை ஒலிபெருக்கியைக் கேட்டவை இரண்டு செவிகள். சுவரில் பட்டுத் திரும்பியதையும், வராந்தாவில் யாரோ வாளியை வைத்ததையும், அவன் ஆர்கனோடு சேர்ந்து வாயால் பாடியதையும் தனித்தனியே கேட்டவை. இதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"அத ஜன்னல்ல வச்சிருந்தோம், ஒன் கட்டிலுக்கு இந்தப் பக்கம்," என்றான்.

"எந்தப் பக்கம்?"

யோசித்தான். "நீ படுத்தா ஒனக்கு இடப்பக்கம் வரும்."

பின்னால் கனடாவின் குளிர்காற்றோ வாகனமோ இரைந்தது. பிரித்தறிய முடியவில்லை. "இப்ப எந்தக் காதுல வச்சுப் பேசற?" என்று கேட்டான்.

வலது என்றேன். 'சப்பர்ஸ் ரெடி'க்கு நாங்கள் வைத்திருந்த அந்த முடிவு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. நான் பாடிக் காட்டினேன்.